கலசம் வாங்கக் கடைக்கு ஓடும் முன்: அஸ்தி எடுக்கப் போகிறவர்களுக்கு

அம்மாவை எரித்த மறுநாள் காலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் சுடுகாடு. விறகும் சிரட்டையும் (கொட்டாங்குச்சி) அடுக்கி எரித்த இடத்தில் தண்ணீர் தெளித்து, பாலும் இளநீரும் விட்டு, எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தோம். மாமா முந்தின நாள் சாயங்காலமே நாகர்கோவில் போய் 2,400 ரூபாய்க்கு ஒரு செம்புக் கலசம் வாங்கி வந்திருந்தார். நல்ல பளபளப்பு. வயிறு உருண்டு, கழுத்து ஒடுங்கி, கோயில் பூஜைக்கு வைக்கிற கலசம் மாதிரியே இருந்தது.

சின்னத் துண்டுகள் உள்ளே போயின. தொடை எலும்பு போகவில்லை. சாய்த்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம், கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. உதவிக்கு வந்தவர் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, "லேசா ஒரு தட்டு, போயிரும்" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அண்ணே, எங்க அம்மைய ஒண்ணும் செய்யண்டாம்."

சித்தி மகன் பைக்கை எடுத்துக்கொண்டு சுங்கான்கடைக்குப் போனான். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மண் கலயத்தோடு வந்தான். 80 ரூபாய். அதுவரை நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்தச் சாம்பலைச் சுற்றி ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் இரண்டு வீடுகளிலும் எதிர்வீட்டிலும் சாவு விழுந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள். பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது எரிக்கிற வழக்கம் உள்ள வீடுகளுக்கானது. சடங்கு வீட்டுக்கு வீடு மாறும், அதில் நான் தலையிடவில்லை. பாத்திரம், காகிதம், பணம், நேரம் இவை மட்டும்தான்.

1. முதலில் இடம், அப்புறம் பாத்திரம்

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அஸ்தி கடைசியில் எங்கே போகப் போகிறது, எந்த நாளில்? இதற்குப் பதில் கிடைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நாங்கள் இதைக் கேட்காமலேயே பாத்திரம் வாங்கினோம்.

அன்றைக்கே கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்திலோ குழித்துறை ஆற்றிலோ கரைப்பது என்றால், சில மணி நேரம் தாங்குகிற ஒரு மண் கலயம் போதும். அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. பதினாறுக்கோ நாற்பத்தொன்றுக்கோ வைத்திருந்து கரைப்பது என்றால் ஈரமும் எறும்பும் மழையும் கணக்கில் வரும். ராமேஸ்வரம், காசி என்றால் பயணம் தாங்க வேண்டும். மேற்கே விளவங்கோடு பக்கத்து வீடுகள் பலவும் திருவல்லம் பரசுராமர் கோயிலுக்கோ வர்க்கலை பாபநாசத்துக்கோ போவார்கள். அது ஒரு நாள் கார் பயணம், கலயம் கவிழாமல் இருந்தால் சரி.

கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இப்போது எரிப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். திருச்சபை 1963லேயே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் 2016இல் வந்த ஒழுங்கின்படி சாம்பலைக் கடலில் கரைக்கவோ, வீட்டில் வைக்கவோ, பிள்ளைகளுக்குள் பங்கு போடவோ கூடாது. கல்லறைத் தோட்டம் போன்ற புனிதப்படுத்தப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும். அந்த வீடுகளுக்கு மண் கலயம் ஆகாது. மூடி இறுக்கமாகத் திருகி மூடுகிற, வருடக்கணக்கில் நிற்கிற பாத்திரம் வேண்டும். குழியின் அகலம் எவ்வளவு என்று பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு இடத்தில் கரைப்பதாக இருந்தால் எடுக்கிற அன்றே இரண்டு பாத்திரம் கொண்டுபோங்கள். பிறகு வீட்டில் வைத்துப் பிரிக்க உட்கார்ந்தால் அழுகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறிகிற இடமும் அதுதான்.

நீங்கள் துக்க வீட்டுக்காரர் இல்லை, உதவப் போனவர் என்றால் ஒரு வார்த்தை. போனில் பத்துப் படம் காட்டி "இதுல எது வேணும்?" என்று கேட்காதீர்கள். முந்தின இரவு தூங்காதவருக்குப் பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெம்பு இருக்காது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். எங்கே கரைப்பது, என்றைக்கு, யார் எடுத்துப் போவது. இந்த மூன்றையும் கேளுங்கள். அதுவும் வீட்டில் தெளிவாக இருக்கிற ஒருவரிடம் மட்டும். பாத்திரத்தை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

2. எரிக்கும் இடத்தில் என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள்

எரிவாயு தகன மேடை என்றால் எரிவதற்கு இரண்டு மணி நேரம் போல ஆகும், ஆறுவதற்கு அதற்கு மேல். அன்று சாயங்காலமே எடுக்கலாமா, மறுநாள்தானா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கூடவே, "பானை நீங்க தருவீங்களா, நாங்க கொண்டு வரணுமா?" என்றும் கேளுங்கள். சில இடங்களில் அவர்களே சின்னக் கலயத்தில் போட்டு, துணி கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இது தெரியாமல் கலசம் வாங்கிப் போய், அங்கே கொடுத்ததையும் வாங்கிக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்ற வீடு எனக்குத் தெரியும்.

ஒரே நாளில் நாலைந்து உடல் எரிகிற இடத்தில் பெயர்ச்சீட்டைக் கவனியுங்கள். ஒரு அட்டையில் பெயர், வயது, ஊர், தேதி எழுதி ரசீது கொடுக்கும் இடத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. வாங்கும்போது அந்த அட்டை கூட வருகிறதா என்று பாருங்கள்.

ஊர்ச் சுடுகாட்டில் விறகில் எரித்தால் மறுநாளோ மூன்றாம் நாளோ சஞ்சயனம். சில ஊர்களில் காடாத்து என்பார்கள். விறகில் எரித்த எலும்பு பெரிய துண்டாகவே இருக்கும். ஒரு சாணுக்கு மேல் நீளமான துண்டும் வரும். எரிவாயுவில் எரித்தது இதைவிடச் சின்னதாக, உதிரியாக இருக்கும். ஆனால் வெளிநாடுகளைப் போல எந்திரத்தில் போட்டு மாவாக அரைத்துத் தருகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. ஆன்லைனில் 'அடல்ட் சைஸ்' என்று விற்கிற கலசமெல்லாம் அந்த மாவுக்கான கணக்கு. 200 கன அங்குலம் என்று போட்டிருப்பார்கள், அதாவது மூன்றேகால் லிட்டர். கொள்ளளவு தாராளமாக இருக்கும், வாய் மட்டும் டம்ளர் அளவுக்கு இருக்கும். நம் தேவைக்கு இது தலைகீழ்.

3. வாய் அகலம் பாருங்கள்

நான் வைத்திருக்கிற அளவு இவ்வளவுதான்: கையை முஷ்டியாக மடக்கிப் பாத்திரத்தின் வாய்க்குள் விடுங்கள். இடிக்காமல் உள்ளே போய் வெளியே வந்தால் வாங்கலாம். கழுத்தில் இடித்து நின்றால் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சுங்கான்கடையில் பானை செய்கிற ஒரு பெரியவர். செம்புக் கலசத்தின் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "மக்களே, கடையில வச்சு அதுக்குள்ள கைய விட்டுப் பாத்தியளா?" என்று மட்டும் கேட்டார். யாரும் பார்க்கவில்லை.

கொள்ளளவை அளந்து பார்க்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். முழுவதையும் எடுக்காமல் தலை, நெஞ்சு, கை, கால் என்று ஒவ்வொரு பாகத்திலிருந்தும் கொஞ்சம் எடுக்கிற வழக்கம் என்றால் ஒன்றரை லிட்டர் பிடிக்கிற கலயம் தாராளம். எரிவாயு மேடையில் எலும்பும் சாம்பலும் மொத்தமாக வாங்கினால் ஒரு பெரியவருக்கு 2 முதல் 3 கிலோ வரை வரும். துண்டும் உடையுமாகக் கிடப்பதால் இடம் அடைக்கும். நான்கு லிட்டருக்குக் குறையாத பானை எடுங்கள்.

விறகுச் சாம்பல் வேறு கணக்கு. அது சாக்குக் கணக்கில் இருக்கும், கலசத்தில் அடைக்க நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் எலும்பை எடுத்தபின் மிச்சச் சாம்பலை அதே இடத்தில் குவித்து, மேலே நவதானியம் தூவி விட்டுவிடுவார்கள். உங்கள் ஊரில் ஆற்றில் விடுவதாக இருந்தால் இரண்டு சணல் சாக்கு தனியாகக் கொண்டுபோங்கள்.

4. எந்தப் பாத்திரம்

என் ஓட்டு மண்ணுக்கு. விலை குறைவு, சூடு கொஞ்சம் தாங்கும், எந்தச் சாஸ்திரக்காரரும் குறை சொல்ல மாட்டார். குறையும் உண்டு. புதுப் பானை தண்ணீர் குடிக்கும், உள்ளே ஈரம் இருந்தால் வெளியே கசியும். தூக்கிப் போகும்போது எங்காவது இடித்தால் அவ்வளவுதான். வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. பொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. வண்ணம் பூசி, ஜரிகை ஒட்டி, கல் பதித்த பானை வேண்டாம். அந்தப் பெயின்ட் தண்ணீரில் உரிந்து மிதக்கும்.

செம்பும் பித்தளையும் பயணத்துக்கு நல்லவை, உடையாது. ஆனால் பால் தெளித்த எலும்பை ஈரத்தோடு உள்ளே போட்டு மூடினால் பத்து நாளில் பச்சை பிடித்துவிடும். திறக்கிறபோது வருகிற வாடை வேறு. எனவே வெள்ளைப் பருத்தித் துணியில் முடிந்து உள்ளே வையுங்கள்.

எவர்சில்வர் தூக்குவாளியை யாரும் கலசம் என்று சொல்ல மாட்டார்கள். சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கலாம். எதிர்வீட்டுக்காரர்கள் அதில்தான் ராமேஸ்வரம் கொண்டுபோனார்கள். வாய் அகலம், மூடி இறுக்கம், கைப்பிடி வேறு. என்னைக் கேட்டால் ரயில் பயணத்துக்கு அதைப் போல ஒன்று இல்லை. அம்மா சோறு கொண்டுபோன தூக்கு என்பதால் அதையே எடுத்தோம் என்றார் அந்த வீட்டு மகள்.

அலுமினியம் மட்டும் வேண்டவே வேண்டாம். சாம்பலில் காரம் அதிகம், ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும்.

மரப்பெட்டி விமானப் பயணத்துக்கு ஏற்றது, காரணம் கீழே வரும். கடலில் போட ஏற்றதல்ல, மிதந்து கரைக்கே திரும்பி வரும். பாலித்தீன் பை, பிளாஸ்டிக் டப்பா எல்லாம் வழியில் பாதுகாப்புக்கு உறையாக இருக்கலாம். அதையும் சேர்த்துத் தண்ணீரில் எறியக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் பெற்றவர்களைப் பாலித்தீன் பையோடு விடுவது நன்றாகவா இருக்கும்?

5. எங்கே வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

மண் கலயத்துக்குச் செய்கிற இடத்துக்கே போங்கள். நாகர்கோவில், தக்கலை இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குச் சுங்கான்கடை பக்கம். விடியற்காலையில் கதவைத் தட்டினாலும், சாவு வீடு என்றால் எடுத்துக் கொடுக்கிறார்கள். மூடியோடு 80லிருந்து 150 ரூபாய்க்குள் நாங்கள் வாங்கியிருக்கிறோம். பொங்கலுக்கு முன்னால் பானை எல்லாம் பொங்கல் அளவில்தான் இருக்கும், அந்த நாட்களில் சின்னக் கலயம் கேட்டால் தேட வேண்டிவரும்.

செம்பு, பித்தளை என்றால் நாகர்கோவிலில் மீனாட்சிபுரம், கோட்டாறு பக்கத்துப் பாத்திரக் கடைகள். எடைக்குத்தான் விலை. கிலோ என்ன விலை என்று கேட்டு, தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 'அஸ்திக் கலசம்' என்று கேட்டால் ஒரு விலை, 'அகலவாய்ச் செம்புப் பானை' என்று கேட்டால் ஒரு விலை. இதை நானே இரண்டு கடையில் கேட்டுப் பார்த்தேன். துக்கத்தில் பேரம் பேசக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்துத்தான் விலை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, திரும்ப எடுக்க மாட்டார்கள். எங்கள் கலசத்தை மறுவாரம் கொண்டுபோனபோது, உள்ளே இப்போது எதுவும் இல்லை என்று சொல்லியும் கடைக்காரர் கையால் தொடவே இல்லை. "அந்தக் காரியத்துக்கு வாங்கினது உள்ள வராது சார்" என்றார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆகவே வாங்கும் முன்பே முஷ்டியை விட்டுப் பாருங்கள்.

பெயர் வெட்டித் தருகிறோம் என்பார்கள். கரைக்கப் போகிற பாத்திரத்தில் பெயர் எதற்கு? கல்லறையில் வைப்பதற்கு மட்டும் அது பொருந்தும். அப்போதும் எழுத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

'செட்' என்று கலசம், சிவப்புத் துணி, நூல், பூ, நவதானியம் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறவர்கள் உண்டு. தனித்தனியாக வாங்கினால் 300 ரூபாய் தாண்டாது. துணியும் நூலும் ஜவுளிக் கடையில், நவதானியம் பலசரக்குக் கடையில். பூவுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா, தோவாளைப் பூச்சந்தை இருக்கிறதே.

6. எடுக்கிற நாளில்

சாம்பல் மேலே ஆறியிருக்கும், ஒரு சாண் ஆழத்தில் கனல் இருக்கும். சிரட்டை போட்டு எரித்த இடத்தில் மறுநாளும் சூடு தங்கும். தண்ணீர் தெளித்து, ஆவி நிற்கிற வரை காத்திருங்கள். சூடான எலும்பை நேராக மண் கலயத்தில் போட்டால் அடி வெடிக்கலாம். பிளாஸ்டிக் என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் காலிலிருந்து தொடங்கித் தலைவரை எடுத்தோம். பச்சைத் தென்னை மட்டையைச் சீவி இடுக்கி மாதிரி செய்து கொடுத்தார்கள். வாழையிலையில் பரப்பி, பால் தெளித்து, அப்புறம்தான் கலயத்தில். இந்த இடத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அன்றே கரைக்கவில்லை என்றால், இலையில் வைத்தே நிழலில் ஒரு மணி நேரமாவது உலர விடுங்கள். பூசாரி அவசரப்படுத்துவார், பந்தியில் காபி ஆறிக்கொண்டிருக்கும், பரவாயில்லை. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

பெரிய எலும்பை முதலில் வையுங்கள், சின்னவை இடைவெளியில் தானாக உட்காரும். நாங்கள் மாற்றிச் செய்திருந்தோம்.

வாயை வெள்ளைத் துணியால் மூடி வாழைநாரால் கட்டுவது போதும். நாட்கணக்கில் வைப்பதென்றால் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். எங்கள் பக்கம் பிலாமூட்டில், அதாவது பலா மரத்தடியில், தொங்கவிடுவார்கள். கயிறு கலயத்தின் கழுத்தில் மட்டும் நிற்கக் கூடாது, அடியைச் சுற்றி உறி மாதிரி கட்டுங்கள். மேலே ஒரு ஓலைக்கீற்று. நமக்குத்தான் இரண்டு மழைக்காலம் ஆயிற்றே.

7. காகிதங்கள்

ஊரில் கரைப்பதற்கு ஒரு காகிதமும் வேண்டாம். விமானத்துக்கும் வெளிநாட்டுக்கும் வேண்டும். அதோடு இறப்புச் சான்றிதழ் எப்படியும் எடுத்தாக வேண்டியது. 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதைத் தாண்டினால் மேலிட அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏற வேண்டும்.

கிராமத்தில் வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம், நகராட்சி, மாநகராட்சி எல்லையில் என்றால் அங்கே உள்ள சுகாதாரப் பிரிவில். இறந்தவரின் ஆதார், தகவல் கொடுப்பவரின் ஆதார் இரண்டும் கையில் இருக்கட்டும். பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடியே வர வேண்டும். பதிவு செய்யும் முன் ஒரு தடவை நீங்களே வாசித்துப் பாருங்கள். ஒரு 'அம்மாள்' கூடிப் போய் வங்கியில் நான்கு மாதம் அலைந்த வீடு உண்டு.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் கொண்டுபோவோம், அங்கே உயிர் போகும், ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவந்து எரிப்போம். பதிவு எங்கே? இறந்த இடத்தில்தான். ஊர் கிராம நிர்வாக அலுவலர் பதிய முடியாது, கேரளத்தில் அந்த மருத்துவமனை இருக்கிற உள்ளாட்சியில்தான் சான்றிதழ் வரும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே அவர்கள் எந்த அலுவலகத்துக்குத் தகவல் அனுப்புகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக்காரர்கள் இதற்காக மட்டும் மூன்று முறை பஸ் ஏறினார்கள்.

தகனச் சான்று அடுத்தது. எரிவாயு மேடையில் ரசீது தருவார்கள், பத்திரமாக வையுங்கள், இரண்டு நகல் எடுங்கள். ஊர்ச் சுடுகாட்டில் யாரும் ரசீது தருவதில்லை. அஸ்தியோடு விமானம் ஏறும் எண்ணம் இருந்தால், இந்தத் தேதியில் இந்த இடத்தில் எரிக்கப்பட்டது என்று ஊராட்சியிலிருந்து முத்திரையோடு ஒரு கடிதம் அந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எழுதித் தரத் தயங்குவார்கள்.

வெளிநாட்டில் இறந்து, அங்கேயே எரித்து, அஸ்தி ஊருக்கு வருவதாக இருந்தால் அந்த நாட்டு இறப்புச் சான்றிதழ், தகனச் சான்று, இறந்தவரின் பாஸ்போர்ட், இந்தியத் தூதரகம் தரும் தடையில்லாச் சான்று ஆகியவை வேண்டும். பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்து ரத்து செய்து வாங்குவார்கள். இந்த வேலையை அங்கே இருப்பவர்தான் செய்ய முடியும். இங்கிருந்து போன் போட்டு அவசரப்படுத்துவதில் பயனில்லை.

8. தூரப் பயணம்

கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வாரம் மூன்று நாள் ரயில் உண்டு. பனாரஸுக்குக் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு நாள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறந்து சீக்கிரம் நிறைந்துவிடும். ஆகவே காசி என்று முடிவானால் பதினாறாம் நாளுக்குள் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரயிலில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டோம். இருக்கைக்கு அடியில் தள்ள மனம் வரவில்லை, அடுத்தவர் கால் படும் என்பதும் ஒரு காரணம்.

விமானத்தில்தான் பாத்திரம் முக்கியமாகிறது. பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்ரே எந்திரம் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். தடித்த உலோகத்துக்குள் அது பார்க்க முடியாது, கருப்பாக ஒரு உருண்டை தெரியும், அவ்வளவுதான். என் அண்ணன் அந்தச் செம்புக் கலசத்தில் கொஞ்சம் அஸ்தி வைத்து, மூடியை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டு காசிக்குக் கிளம்பினான். சோதனையில் நிறுத்திவிட்டார்கள். திறந்து காட்டச் சொன்னால் திறக்க முடியாது, திறக்காமல் விடவும் முடியாது. கடைசியில் உள்ளே போகாமல் வெளியே வந்து, தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து, ஒரு மரப்பெட்டிக்கு மாற்றி, மறுநாள் விமானத்தில் போனான். அந்த மாற்றுகிற வேலையைப் பற்றி அவன் எங்களிடம் இன்றுவரை விவரமாகச் சொன்னதில்லை.

மரம், துணி, அட்டை. இதில் எதுவானாலும் எக்ஸ்ரே ஊடுருவும். மூடி திறந்து மூடுவதாக இருக்கட்டும். இறப்புச் சான்றிதழ், தகனச் சான்று இரண்டின் நகலும் கைப்பையில் வெளியிலேயே இருக்கட்டும். கையோடு எடுத்துப் போகலாமா, சரக்கில் போட வேண்டுமா என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் போட்டதும் போன் செய்து கேளுங்கள்; மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்தால் இன்னும் நல்லது.

9. தண்ணீரில் விடும்போது

நாள் தேர்வு முதலில். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று கன்னியாகுமரியிலும் குழித்துறையிலும் முன்னோருக்குப் பலி போட வருகிற கூட்டத்தில் கலயத்தோடு நிற்பது சிரமம். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, கீழே இறங்கிக் கரையைத் தொடுவதற்கே மணிக்கணக்கில் ஆகும். சாதாரண நாளில் விடியற்காலை போனால் பத்து நிமிடத்தில் நிதானமாக முடிக்கலாம். கோடையில் பழையாற்றில் தண்ணீர் எப்படிக் கிடக்கிறது என்று ஒரு நாள் முன்பே ஆளை விட்டுப் பாருங்கள்.

கடலில் ஆழத்துக்குப் போகாதீர்கள். முக்கடலில் பாறை அதிகம், ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை முரட்டுத்தனமாக இருக்கும். காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் வரும். எங்கோ தூரத்தில் எழுந்த அலை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிர் போனது அப்படித்தான். போகிற அன்று காலை கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று செய்தியில் பாருங்கள், கரையில் நிற்கிற மீனவரிடமும் கேளுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், தலைப்பிள்ளை தண்ணீரில் இறங்கினால் பின்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளட்டும்.

காற்றுக்கு எதிரே நின்று சாம்பலைத் தூவாதீர்கள், முகத்துக்கே திரும்பும். கலயத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, உள்ளேயே சாய்த்து விட்டால் மெதுவாகப் போகும். சுட்ட மண் தண்ணீரில் கரையாது. பாறையில் உடைத்தால் ஓடு அங்கேயே கிடந்து, அடுத்து குளிக்க வருகிறவர் காலைக் கிழிக்கும். சடங்கில் உடைத்தே ஆக வேண்டும் என்றால், உடைத்த ஓட்டைப் பொறுக்கி ஒரு ஓரமாகக் குவித்துவிட்டு வாருங்கள். துணியையும் நூலையும் முதலிலேயே அவிழ்த்துவிடுங்கள். ஈரமான முடிச்சு அவிழாது, கத்தியும் யாரிடமும் இருக்காது. நாங்கள் கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தோம்.

கரையில் உதவிக்கு வருகிறவரிடம் தட்சிணை எவ்வளவு என்று பூஜைக்கு உட்காரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சில்லறையாக 500, 600 ரூபாய் மாற்றி வையுங்கள், ஈரக் கையோடு கூகுள் பே திறக்காது. மாற்று வேட்டி, துண்டு, பெண்களுக்கு உடை மாற்ற ஒரு போர்வை, காலணி போட ஒரு பை. தெர்மாஸில் கட்டன்காப்பி கொண்டுபோனால் வயதானவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள்.